கிட்டார் வாங்க எதை விற்கலாம், யாரிடம் விற்கலாம்

புது கிட்டார் ஒன்றின் மேல் கண் விழுந்துவிட்டது, கையில் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் அலமாரியில் கிட்டார் ஒலியை மாற்றும் ஆறேழு பெடல், மாதக்கணக்கில் தொடாத இரண்டு மைக், மைக்கையும் கிட்டாரையும் கணினியோடு இணைக்கும் ஒரு பழைய ஆடியோ இண்டர்ஃபேஸ், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், எந்த வேகத்தில் வாங்கினோம் என்றே நினைவில்லாத ஒரு சின்தசைசர் எல்லாம் தூசி படிந்து கிடக்கின்றன. இதையெல்லாம் விற்றால் கிட்டார் வந்துவிடும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் வாங்கிய விலையை வைத்துப் போட்ட கணக்கு, அதனால்தான் உதைக்கிறது. பொருள் ஒன்றுதான், ஆனால் அதை எப்போது, யாரிடம், எந்த வழியில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் தொகை பாதியாகக்கூடக் குறையும்.

வழிகள் என்று பார்த்தால் ஐந்து. இன்னொரு இசைக்காரரிடம் நேரடியாக விற்பது, கடையில் ரொக்கத்துக்குக் கொடுப்பது, கடையிலேயே கிட்டாருக்கு எக்ஸ்சேஞ்ச் போடுவது, கடையில் வைத்து விற்றுத் தரச் சொல்லிக் கமிஷன் கொடுப்பது, பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வது. எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது, ஏனென்றால் விற்கப்போகிற பொருள்கள் ஒரே ஜாதி இல்லை. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கணினியை நம்பி வாழும் கருவிகளை உடனே, அதிகம் பேரம் பார்க்காமல் தள்ளிவிட வேண்டும். கணினி இல்லாமலே வேலை செய்பவற்றை ஆறப்போட்டு, அதை வாசிக்கப்போகிறவரிடமே நேரடியாக விற்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்பது அவசரத்துக்கு மட்டும்.

முதல் வகை ஏன் அவசரம் என்பதற்கு ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வழியாகக் கணினியோடு சேரும் இண்டர்ஃபேஸ்களைப் பார்த்தாலே போதும். ஒரு காலத்தில் வீட்டு ஸ்டுடியோக்களில் அதுதான் ராஜா. எட்டு மைக் உள்ளீடு, மைக்கின் மெல்லிய ஒலியை ஏற்றித் தரும் நல்ல ப்ரீஆம்ப், கனமான உலோகப் பெட்டி. 2012 வாக்கில் தொடங்கி ஆப்பிள் மடிக்கணினிகளில் அந்தத் துளையே மெல்ல மெல்லக் காணாமல் போனது, நிறுவனங்களும் புதிய இயங்குதளங்களுக்கு டிரைவர் எழுதுவதை நிறுத்திவிட்டன. பெட்டிக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் இன்றும் அதே சத்தத்தைத்தான் கொடுக்கும், ஆனால் கணினி அதை அடையாளமே காணாவிட்டால் வாங்குகிறவருக்கு அது என்ன பயன்? யுஎஸ்பி இண்டர்ஃபேஸ்களுக்கு இவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அதே வரிசையில் அடுத்த தலைமுறை வெளியான அன்றே பழையதன் விலை ஒரு படி இறங்கிவிடும். அதனால் உங்களிடம் சும்மா கிடக்கும் இண்டர்ஃபேஸ் ஒன்று இருந்தால், நல்ல விலை வரட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. இன்றைக்குக் கிடைப்பதுதான் அதன் நல்ல விலை.

பல ஆம்ப்ளிஃபயர், பெடல்களின் ஒலியை மென்பொருளால் நகலெடுக்கும் கிட்டார்க்காரர்களின் டிஜிட்டல் மாடலர்களும் இதே கதைதான். லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998இல் வந்தபோது சிறுநீரக வடிவில் இருந்த அந்தச் சிவப்புப் பெட்டி பெரிய அதிசயம். இன்று அது பழைய நினைவுக்காக யாராவது வாங்கினால் உண்டு. அதற்கு இருபது வருடம் முன்னால், 1978இல் வந்த பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல் இன்றும் தயாரிப்பில் இருக்கிறது, பழையதுக்கும் ஆள் இருக்கிறது, ஜப்பானில் செய்த ஆரம்பகாலத்துப் பெடல் என்றால் புதியதைவிடக் கூடுதல் விலைக்கே போகும். இரண்டுமே மேடைக்குப் போகும் பெட்டிதான். ஆனால் மாடலரின் மதிப்பு உள்ளே ஓடும் மென்பொருளில் இருக்கிறது, அதைவிட நல்ல மென்பொருள் வருடா வருடம் வந்துகொண்டே இருக்கிறது. டிஸ்டார்ஷன் பெடலில் இருப்பது சில டிரான்சிஸ்டர், டையோடு, கெபாசிட்டர். அதற்கு அப்டேட் கிடையாது, அதனால் அது பழசாவதும் கிடையாது. கைவசம் ஒரு பெரிய மாடலர் இருந்து, அதன் அடுத்த பதிப்பு பற்றிப் பேச்சு அடிபடத் தொடங்கிவிட்டது என்றால், அறிவிப்பு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பிளக்-இன் (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் சிறு நிரல்) உரிமங்களை விற்கலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் அந்தந்த நிறுவனத்தின் விதிகளைப் படியுங்கள். சிலர் உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற அனுமதிக்கிறார்கள், சிலர் அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள், சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். வன்பொருளோடு இலவசமாக வந்த உரிமங்களுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டுப்பாடு உண்டு. போதாக்குறைக்கு நிறுவனங்களே வருடத்தில் பல தடவை பாதி விலைக்கும் கீழே தள்ளுபடி போடுவதால், நீங்கள் அதற்கும் கீழே போக வேண்டியிருக்கும். இதிலிருந்து கிட்டாருக்குப் பெரிதாக எதுவும் தேறாது. விடுங்கள்.

மைக் விஷயம் வேறு. ஷூர் எஸ்எம்57 1965இல் வந்தது, எஸ்எம்58 அதற்கு அடுத்த வருடம். இரண்டும் இன்றுவரை கிட்டத்தட்ட அதே வடிவத்தில் விற்பனையில் இருக்கின்றன, அதனால் விலை எல்லோருக்கும் தெரியும், பழையது எந்த விலைக்குப் போகும் என்பதும் தெரியும். விற்க நினைத்தால் ஒரு வாரத்தில் போய்விடும். இதில் ஒரே சிக்கல் போலிகள். இந்த இரண்டு மைக்குக்கும் சந்தையில் போலி அவ்வளவு புழங்குவதால் வாங்குகிறவர் சந்தேகத்தோடுதான் வருவார். அந்தச் சந்தேகத்தை விளம்பரத்திலேயே தீர்த்துவிடலாம்: எஸ்எம்57இன் எடை 284 கிராம், அதை ஒரு சமையலறைத் தராசில் வைத்து எண் தெரியும்படி ஒரு படம், கீழே இணைப்பு முள்களைக் காட்டும் படம் ஒன்று, தலைப்பகுதியைத் திருகிக் கழற்றினால் தெரியும் உள்பக்கம் ஒன்று. இதைச் செய்தவரின் மைக் போகும், அருகில் அதே விலைக்கு மங்கலான ஒரே ஒரு படத்தோடு நிற்கும் மைக் நிற்கும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக்குகளுக்கு இது இன்னும் முக்கியம். வாங்குகிறவர் எதிரிலேயே அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை (ஃபேன்டம் பவர்) கேபிள் வழியாகக் கொடுத்து, ஹெட்ஃபோனில் இரைச்சல் இல்லாமல் பேச்சுக் கேட்பதைக் காட்டிவிட்டால் பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

மானிட்டர் ஸ்பீக்கர்கள் விற்பவருக்குத் தலைவலி. எவ்வளவு சத்தத்தில், எத்தனை மணிநேரம் ஓட்டினீர்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை. கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் வருடங்கள் போனால் பொடிந்துவிடும். கனம் வேறு. யமஹா என்எஸ்-10 மாதிரி விதிவிலக்குகள் உண்டு, 1978இல் வந்து 2001இல் நின்றுபோன அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கருக்கு இன்றும் தேடிவரும் ஆட்கள் இருக்கிறார்கள். மற்றபடி, பக்கத்தில் இருக்கும் யாராவது நேரில் வந்து கேட்டுப் பார்த்து எடுத்துப் போனால் சந்தோஷம் என்று விலையை வையுங்கள். ஜோடியாக மட்டும் விற்க வேண்டும், ஒன்று பழுது என்று மற்றதைத் தனியாக விற்கப் பார்த்தால் வாங்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பழைய அனலாக் சின்த் வைத்திருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் விற்கும் முன் பழுது பார்த்து விற்பதா, பழுதோடு விற்பதா என்று முடிவெடுக்க வேண்டும். 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106இல் ஆறு குரல்கள் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு சுரங்கள்), ஒவ்வொரு குரலுக்கும் ஒரு சிப். அந்தச் சிப்பின் மேல் பூசிய எப்பாக்ஸி பூச்சு காலப்போக்கில் சிப்பையே கெடுத்துவிடும் என்பது இந்தக் கருவியை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு குரல் செத்துப்போன ஜூனோவுக்கும் ஆறு குரலும் பாடும் ஜூனோவுக்கும் விலை வித்தியாசம், பழுது பார்க்கும் செலவைவிடப் பெரும்பாலும் அதிகம். வாங்க வருகிறவர் பழுதின் செலவை மட்டும் கழிக்க மாட்டார், கூடவே வேறு என்ன கெட்டிருக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்துக் கழிப்பார் என்பதுதான் காரணம். கரகரக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (திருகு குமிழின் அடியில் இருக்கும் பாகம்), தளர்ந்த ஜாக் மாதிரிச் சின்னச் சின்னக் கோளாறுகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரு டப்பா கான்டாக்ட் கிளீனர் செய்யும் வேலைக்கு வாங்குகிறவரிடம் ஏன் விலை குறைக்க வேண்டும்?

சரி, பொருளைப் பிரித்தாயிற்று. யாரிடம் விற்பது?

நேரடி விற்பனையில்தான் அதிகப் பணம் வரும், இதில் சந்தேகமே இல்லை. அதற்கு விலையாக நாம் கொடுப்பது நேரமும் பொறுமையும். "கடைசி விலை என்ன?" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு மறைகிறவர்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஃபோனையே எடுக்காதவர்கள், பெடலுக்குப் பதில் டிரோன் தரவா என்று கேட்பவர்கள் எல்லாம் இந்த வழியில் உண்டு. விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து வைக்கக் கூடாது. கேட்கும் விலை என்பது வெறும் ஆசை. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, இசைக்கருவிகள் விற்கும் ரிவர்ப் தளத்தில் பழைய பரிவர்த்தனைகளை வைத்து விலை வரம்பு காட்டுகிறார்கள். அங்கே தெரிவதுதான் உண்மையான விலை. அதற்குக் கொஞ்சம் மேலே வைத்து, இரண்டு வாரம் பொறுத்து, நகரவில்லை என்றால் ஒரு படி இறக்கலாம்.

குறையை மறைக்காமல் எழுதுவது நல்லது என்பதை நான் ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஆம்ப்பின் மூலையில் துணி கிழிந்திருப்பதைப் படத்தோடு போட்டுவிட்டால், நேரில் வந்தவர் அதைக் காட்டி விலை குறைக்க முடியாது. எழுதாமல் விட்டால் அதையே ஆயுதமாக எடுப்பார்.

மோசடிகளில் அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாங்குகிறவர் பேரமே பேசாமல் ஒப்புக்கொள்வார், கேட்டதைவிட அதிகத் தொகை அனுப்பிவிட்டதாகச் சொல்வார், கூடுதலைத் திருப்பி அனுப்பச் சொல்வார். அனுப்பிய காசோலையோ ரசீதுப் படமோ பிறகு பொய்யென்று தெரியும்போது நீங்கள் திருப்பி அனுப்பிய பணம் மட்டும் நிஜமாகப் போயிருக்கும். ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை. உங்கள் கணக்கில் தொகை ஏறியதை நீங்களே பார்த்த பிறகுதான் பெட்டி வாசலைத் தாண்ட வேண்டும்.

தூரத்துக்கு அனுப்புவதானால் கூரியர் செலவு, தளத்தின் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம் மூன்றும் சேர்ந்து விலையில் பத்தில் ஒரு பங்கைச் சுலபமாகத் தின்றுவிடும். பெடல், மைக், ப்ரீஆம்ப் போன்ற சின்னப் பொருள்களுக்கு அது பரவாயில்லை. கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்பை அனுப்புவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஏறத்தாழ 29 கிலோ. அதை வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றி, இரட்டை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பி, அது தலைகீழாகப் பயணம் செய்து போய்ச் சேர்ந்த பிறகு "சத்தம் வரவில்லை" என்று செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? பெரிய ஆம்ப்புக்கு விலை கொஞ்சம் குறைந்தாலும் நேரில் வருகிற ஆள்தான் லாபம்.

அடுத்து கடை. கடைக்காரர் நாம் வெளியே விற்கக்கூடிய விலையில் ஏறக்குறையப் பாதியைத்தான் சொல்வார், சில சமயம் அதற்கும் கீழே. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாரே என்று கோபம் வரும். அவர் பக்கம் நின்று பார்த்தால், அவர் அதைச் சோதிக்க வேண்டும், துடைத்து வைக்க வேண்டும், எத்தனை மாதம் அலமாரியில் நிற்கும் என்று தெரியாமல் முதலைப் போட வேண்டும், விற்ற பிறகு பழுதானால் பதில் சொல்ல வேண்டும். அதற்கான கூலிதான் அந்த மறுபாதி. இந்தக் கூலி எப்போது நியாயம் என்றால், பொருள் நாளுக்கு நாள் விலை இறங்கும் வகையாக இருக்கும்போது. பழைய இண்டர்ஃபேஸ், மாடலர், மிடி கன்ட்ரோலர், கேபிள் குவியல், ஸ்டாண்டுகள் இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடையில் கொடுத்துவிட்டு வருவதில் எந்தத் தவறும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம் எடுத்து, பதில் எழுதி, ஆள் வரக் காத்திருந்து மாதக் கடைசியில் கிடைக்கும் கூடுதல் தொகை அந்த உழைப்புக்கு ஈடாகாது.

எக்ஸ்சேஞ்சில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதுவும் யாரும் ஏமாற்றாமலே. ரொக்கமாகக் கொடுப்பதைவிட எக்ஸ்சேஞ்சுக்குக் கூடுதலாகத் தருகிறோம் என்று கடை சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் எக்ஸ்சேஞ்ச் பேச்சில் இரண்டு எண்கள் இருக்கின்றன, உங்கள் பழைய பொருளுக்கு அவர் தரும் விலை ஒன்று, கிட்டாருக்கு அவர் சொல்லும் விலை இன்னொன்று. முதல் எண்ணை ஏற்றிக்கொடுத்துவிட்டு இரண்டாவதில் ஒரு பைசா குறைக்காமல் இருப்பது அவருக்குச் சுலபம். நாம் பழைய மைக்குக்கு நல்ல விலை வாங்கிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இரண்டாவது எண்ணைப் பற்றிப் பேசவே மறந்துவிடுவோம்.

கற்பனையாக ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிட்டாரின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய பொருள்கள் எல்லாம் சேர்ந்து வெளிச்சந்தையில் 60க்குப் போகும். நேரடியாக விற்றால் கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் போக 54 கையில் நிற்கும், ரொக்கத்தோடு கடைக்குப் போய்ப் பேசினால் கிட்டாரை 92க்கு வாங்கலாம். நீங்கள் மேலே போட வேண்டியது 38. கமிஷனுக்குக் கடையில் வைத்தால், ஐந்தில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்வார் என்று வைத்து, 48 வரும், மேலே போட வேண்டியது 44, ஆனால் எப்போது விற்கும் என்று தெரியாது. எக்ஸ்சேஞ்சில் பழைய பொருளுக்கு 36 தருகிறார், கிட்டார் 100லேயே நிற்கிறது. மேலே போட வேண்டியது 64. நேரடி விற்பனைக்கும் இதற்கும் வித்தியாசம் 26, அதாவது கிட்டாரின் விலையில் கால்வாசி. ஒரே மதியத்தில் எல்லாம் முடிந்துவிடும் வசதிக்காகக் கால் கிட்டாரைக் கொடுக்க நீங்கள் தயாரா என்பதுதான் கேள்வி. சிலருக்கு அது சரிப்பட்டுவரும், நேரமே இல்லாதவர்களுக்கு நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குப் போனாலும் முதலில் பழைய பொருளைப் பற்றி வாயே திறக்காமல் கிட்டாரை மட்டும் பேரம் பேசி முடியுங்கள், அப்புறம் காரில் இருப்பதை இறக்குங்கள். கனடா போன்ற சில நாடுகளில் எக்ஸ்சேஞ்ச் போக மீதமுள்ள தொகைக்கு மட்டுமே விற்பனை வரி என்பதால் அங்கெல்லாம் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், இடைவெளி குறையும்.

கமிஷனுக்கு வைப்பது ஒரே ஒரு இடத்தில் நன்றாக வேலை செய்கிறது: விலை உயர்ந்த, அரிதான, சோதித்துப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டாத பொருளுக்கு. பழைய வால்வு மைக், கையால் செய்த ப்ரீஆம்ப் மாதிரி. முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விட்டுச் சோதிக்கச் சொல்ல வேண்டியதில்லை, கடையின் பெயரை நம்பி ஆள் வருவார். குறைந்தபட்ச விலை, கமிஷன் விகிதம், எத்தனை நாள், அங்கே இருக்கும்போது பழுதானாலோ களவு போனாலோ யார் பொறுப்பு, இந்த நான்கும் எழுத்தில் இல்லாமல் பொருளை அங்கே வைக்காதீர்கள். கடை மூடிப்போனால் உங்கள் மைக்கும் அவர்கள் சரக்கில் ஒன்றாகக் கணக்கில் வந்துவிடும் ஆபத்து உண்டு.

பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வதை நான் பெடல்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன். அதுவும் கிட்டார்தான் குறி என்றால் அது வழி மாறிப் போவது. இரண்டு டிலே பெடலைக் கொடுத்து ஒரு ரிவர்ப் பெடல் வாங்கினால் கிட்டாருக்கு ஒரு அடிகூட நெருங்கவில்லை, விற்க வேண்டிய பொருளின் பெயர்தான் மாறியிருக்கிறது. நேராகக் கிட்டாருக்கே மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்தால் அது வேறு. அப்போது இரண்டு பொருளுக்கும் விற்று முடிந்த விலைகளைப் பார்த்து, வித்தியாசத்தை ரொக்கமாகக் கொடுத்து முடிப்பது சுத்தம்.

எதை விற்கக் கூடாது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கிட்டார் வந்த பிறகு அதைப் பதிவு செய்ய ஒரு இண்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். அந்தக் கடைசிச் சங்கிலியை உடைத்து விற்றால் மூன்று மாதத்தில் அதையே புதிய விலைக்குத் திரும்ப வாங்குவீர்கள். இரண்டாவது, இனி கிடைக்காத பொருள்கள். க்ளான் சென்டார் பெடலை 1994 முதல் ஒரே மனிதர் கையால் செய்து விற்றார், தயாரிப்பு நின்ற பிறகு அதன் விலை சாதாரண மனிதன் தொட முடியாத உயரத்துக்குப் போய்விட்டது, எத்தனையோ நகல்கள் வந்தும் இறங்கவில்லை. நம்மிடம் க்ளான் இருக்கப்போவதில்லை, இருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது. ஆனால் தயாரிப்பு நின்றுபோய், வருடத்துக்கு ஓரிரண்டு மட்டும் சந்தைக்கு வரும் பொருள் எதுவாக இருந்தாலும், பயன்படுத்துகிறீர்கள் என்றால் வையுங்கள். பயன்படுத்தவில்லை என்றாலும் கடைசியாக விற்கும் வரிசையில் வையுங்கள், அதற்கு அவசரம் இல்லை. சந்தேகம் இருக்கிறதா, பொருளைப் பெட்டியில் போட்டு ஒட்டிக் கட்டிலடியில் தள்ளிவிடுங்கள். ஒரு மாதத்தில் அதை எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை என்றால் விளம்பரத்தைப் போடுங்கள்.

இனி மறுபக்கம். விற்றுச் சேர்த்த பணத்தில் புத்தம் புதுக் கிட்டார்தான் வேண்டுமா? புதிய கிட்டார் கடை வாசலைத் தாண்டியதுமே விலையில் ஒரு பங்கை இழக்கிறது. பழைய கிட்டார் அந்த இழப்பை இன்னொருவர் தலையில் ஏற்கெனவே இறக்கிவிட்டு வருகிறது. நீங்கள் இப்போது எந்தப் பக்கம் நின்று அடிபட்டீர்களோ, அதே சந்தையில் மறுபக்கம் நின்று வாங்கினால் லாபம் உங்களுக்கு. அதனால் என் வாக்கு பழைய கிட்டாருக்கே. உத்தரவாதம் வேண்டும், மற்றவர் வியர்வை பட்ட கருவி பிடிக்காது, அல்லது இதுதான் முதல் நல்ல கிட்டார், பழுது பார்க்கும் கண் இன்னும் வரவில்லை என்பவர்கள் புதியதை வாங்குவதில் தப்பில்லை.

பழையதை வாங்கும்போது கை வைத்துப் பார்க்க வேண்டியவை. தலைப்பக்கத்திலிருந்து கழுத்தோடு கண்ணை ஓட்டி முறுக்கம் இருக்கிறதா பாருங்கள். தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், ஏழாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது, பெரிய பள்ளம் இருந்தால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராட் திரும்புகிறதா என்று கேட்க வேண்டும். டிரஸ் ராட் கடைசிவரை முறுக்கப்பட்டு நின்றுவிட்டது என்றால் எழுந்துவிடுங்கள். ஃப்ரெட்டுகளில் முதல் மூன்று இடங்களில் தந்தி பதிந்த குழிகள் ஆழமாக இருந்தால் புது ஃப்ரெட் போடும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

கிப்சன் என்றால் தலை சேரும் இடத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கிப்சனின் பெரும்பாலான லெஸ் பால் கிட்டார்களில் தலை 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், கழுத்து ஒரே மரத்துண்டு, போதாததற்கு டிரஸ் ராட் திருக அங்கேயே குடைந்திருப்பார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை மல்லாக்க விழுந்தால் அந்த இடத்தில்தான் முறியும். நன்றாக ஒட்டினால் வாசிப்பில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் சந்தையில் விலை பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். வாசிக்க மட்டும் வாங்குகிறவருக்கு இது நல்ல வாய்ப்பு. நாளைக்கு விற்க வேண்டி வரலாம் என்று நினைப்பவருக்கு இல்லை.

வருடத்தைச் சொல்லி விலை ஏற்றுகிறவர்களும் உண்டு. 1977 முதல் 2005 வரை கிப்சன் பயன்படுத்திய எட்டு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம், நடுவில் உள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 80348 என்று தொடங்கினால் 1988ஆம் வருடத்தின் 34ஆம் நாள், பிப்ரவரி 3. இதில் விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் விற்பவர் 1985 என்று சொன்னால் கேள்வி கேட்க இது போதும். இன்னும் பழைய கிட்டார் என்றால் பின்மூடியைக் கழற்றிப் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைப் பாருங்கள். 1376633 என்று அச்சடித்திருந்தால் 137 என்பது அந்தப் பாகத்தைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 66 என்பது 1966ஆம் வருடம், 33 என்பது அந்த வருடத்தின் 33ஆம் வாரம். மாற்றாத பாகமாக இருந்தால் கிட்டார் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. பிரேசில் ரோஸ்வுட் போட்ட பழைய கிட்டாரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால், அந்த மரம் 1992 முதல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம், காகிதம் இல்லாமல் எல்லை தாண்டாது. மற்ற ரோஸ்வுட் வகைகளைக் கொண்டு செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்குக் கிடைத்துவிட்டது.

ஒரு கிட்டாரா இரண்டா என்பதற்கும் ஒரு வார்த்தை. விற்ற பணத்தைப் பிரித்து இரண்டு நடுத்தரக் கிட்டார் வாங்குவதா, ஒன்றிலேயே கொட்டுவதா என்பது கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வைத்திருப்பவர் இன்னொரு ஸ்ட்ராட்டின் நிறத்தைப் பார்த்து மயங்குவது சகஜம், ஆனால் பதிவில் அது புதிதாக எதையும் கொண்டுவராது. 648 மில்லிமீட்டர் தந்தி நீளமும், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்பும் (சிங்கிள் காயில்) கையில் இருந்தால், 628 மில்லிமீட்டர் பக்கம் இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள ஒரு ஹம்பக்கர் கிட்டார்தான் உண்மையில் இன்னொரு கிட்டார். அந்த இடைவெளி நிரம்பிய பிறகு மீதிப் பணத்தை எல்லாம் ஒன்றிலேயே போடலாம். இரண்டு அரைகுறைக் கிட்டார்கள் இரண்டு வருடத்தில் மறுபடி இதே விற்பனை வேலையைக் கொண்டுவரும்.

விற்ற பிறகு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா? கேட்டலாக்கில் இருக்கும் புதுக் கிட்டார் எங்கும் ஓடிப்போகாது, அதற்கு முதலில் விற்று முடியுங்கள், ரொக்கம் கையில் இருந்தால் பேரத்துக்கும் பலம். கடன் அட்டையில் வாங்கிவிட்டு விற்றுக் கட்டிக்கொள்ளலாம் என்று இறங்கினால், வட்டி ஏறும் வேகத்தில் நல்ல மைக்கைக்கூட வந்த விலைக்குத் தள்ள வேண்டிவரும், மேலே போட்ட கணக்கில் கிடைத்த 26இல் பாதி அங்கே கரையும். தேடிக்கொண்டிருந்த குறிப்பிட்ட ஒரு பழைய கிட்டார் திடீரென்று சந்தைக்கு வந்துவிட்டால் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம். விற்பவரிடம் ஒரு சிறு முன்பணம் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் அவகாசம் கேட்டு, எத்தனாம் தேதிக்குள் மீதி, தவறினால் முன்பணம் யாருக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலமே எஸ்எம்57ஐத் தராசில் வைத்துப் படம் எடுக்கத் தொடங்குங்கள். சீக்கிரம் போகிறது அதுதான்.